பள்ளிக் கட்டணமும் பொதுப் பணமும்

நெற்குப்பையிலும் அதைச் சுற்றியுள்ள சிற்றூர்களிலும் சங்க அலுவல் நிமித்தமாக நாம் சென்று வரும்போது, அங்கத்தினர்கள் கேட்கும் கேள்விகளிற் பெரும்பாலானவை கடன் தவணை, நூல் விலை, உரம் வந்து சேரும் நாள் ஆகியவற்றைப் பற்றியனவாகவே இருக்கும். 2025ஆம் ஆண்டுக் கோடையில் மட்டும் வேறொரு கேள்வி அடிக்கடி எழுந்தது. தனியார் பள்ளிகளில் கட்டணமின்றிச் சேர்த்துக்கொள்ளும் அந்த இருபத்தைந்து சதவீத இடம் இவ்வாண்டு உண்டா, இல்லையா என்பதே அது. நெசவாளரும் கேட்டனர்; கண்மாய்ப் பாசனத்தை நம்பி நெல் பயிரிடுவோரும் கேட்டனர். கேள்வி சிறிது, அதற்குப் பின்னால் இருப்பது உலகம் முழுவதும் நடைபெற்று வரும் ஒரு பெரிய விவாதம். பொதுமக்களின் வரிப் பணத்தைத் தனியார் பள்ளிக் கட்டணத்துக்குச் செலவிடலாமா என்பதே அவ்விவாதம்.

கூட்டுறவுப் பத்திரிகைக்கு இதில் என்ன வேலை என்று சிலர் எண்ணக்கூடும். நகைக்கடன் பதிவேட்டை ஜூன் மாதத்தில் புரட்டிப் பார்க்கும் எந்தச் சங்கச் செயலாளரும் அவ்வாறு எண்ணமாட்டார். விதைக்கும் உரத்துக்கும் என்று சொல்லி அடகு வைக்கப்படும் சங்கிலிகளில் எத்தனை பள்ளிக்கூடத்து வாசலில் போய்ச் சேருகின்றன என்பது அவருக்குத் தெரியும். அதுவன்றி, இவ்விஷயத்தில் நெசவாளர் சங்கங்களுக்கு நேரடியான சம்பந்தமே உண்டு. அதைப் பின்னர்ச் சொல்லுவோம்.

முதலில் சொல்லின் பொருளைத் தெளிந்துகொள்வோம். மேல் நாடுகளில் இம்முறையைப் பள்ளி வவுச்சர் என்கிறார்கள். நம் சங்கக் கணக்கில் வவுச்சர் என்றால் ரொக்கம் வெளியே போனதற்கு அத்தாட்சி. இங்கோ அது ரொக்கம் போவதற்கான அனுமதிச் சீட்டு. அரசாங்கம் பள்ளிகளை நடத்துவதற்குப் பதிலாகப் பெற்றோர் கையில் ஒரு தொகைக்கான சீட்டைக் கொடுத்துவிட வேண்டும். அவர்கள் விரும்பிய பள்ளியில் அதைக் கொடுத்துப் பிள்ளையைச் சேர்க்க வேண்டும். பள்ளி அச்சீட்டைக் காட்டி அரசாங்கத்திடம் பணம் பெற்றுக்கொள்ள வேண்டும். அமெரிக்கப் பொருளாதார அறிஞர் மில்ட்டன் ஃப்ரீட்மன் 1955இல் எழுதிய ஒரு கட்டுரையில் இந்த யோசனையை விரிவாக எடுத்துரைத்தார். தென் அமெரிக்காவில் சிலி நாடு 1981இல் இதை நாடு முழுவதும் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. சுவீடன் 1992இல் இதைப் பின்பற்றியது. அமெரிக்காவில் மில்வாக்கி நகரத்தில் 1990இல் ஏழைக் குடும்பங்களுக்கென்று சிறிதாகத் தொடங்கியது, 2022இல் அரிசோனா மாநிலத்தில் வசதியுள்ளோர், இல்லாதோர் அனைவருக்கும் உரியதாக விரிந்தது. 2025இல் டெக்ஸஸ் மாநிலம் நூறு கோடி டாலர் ஒதுக்கிச் சட்டம் இயற்றியது. ஏழைக்கென்று தொடங்கிய உதவி எல்லோருக்குமாக மாறும்போது, ஏற்கெனவே கட்டணம் செலுத்திக்கொண்டிருந்த பணக்காரர் வீட்டுக்கும் பொதுப் பணம் போய்ச் சேருகிறது என்பதுதான் அந்நாட்டில் இன்று எழுந்துள்ள சச்சரவு.

தனியார் நிர்வாகத்திலுள்ள பள்ளிக்குப் பொதுப் பணம் என்பது நமக்குப் புதிதன்று. 1854ஆம் ஆண்டின் உட் கல்வி அறிக்கை, தனியார் நடத்தும் பள்ளிகளுக்கு மானியம் கொடுக்கும் முறையை வகுத்தது. பாதிரிமார்களும் தருமவான்களும் சாதிச் சங்கங்களும் கட்டிய பள்ளிகள் அம்மானியத்தால் வளர்ந்தன. செட்டிநாட்டைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை. வியாபாரத்தில் மகமை என்று ஒரு பங்கை ஒதுக்கிக் கோயிலுக்கும் ஊருணிக்கும் பள்ளிக்கும் செலவிட்ட பூமி இது. காரைக்குடியில் 1947இல் அழகப்பச் செட்டியார் தொடங்கிய கல்லூரி எத்தனை கல்வி நிலையங்களுக்கு வித்தாயிற்று என்பதை அனைவரும் அறிவர். ஊர் ஊராகச் சுற்றித் தமிழ்நாட்டு மாவட்டங்களைப் பற்றிய நூல்களை எழுதிய சோமலெ அவர்களும் இந்த நெற்குப்பையிற் பிறந்தவரே. உதவி பெறும் பள்ளிகளில் நிர்வாகி தனியார்; ஆசிரியர் சம்பளம் அரசாங்கத்தினுடையது. அங்கே பிள்ளைகளுக்கு மதிய உணவு உண்டு, சீருடை உண்டு, பாடநூல் உண்டு. ஆசிரியரின் தகுதியையும் சம்பளத்தையும் அரசாங்கம் விதித்தது. ஆயினும் 1991-92ஆம் கல்வியாண்டு முதல் புதிதாகத் தொடங்கப்படும் தனியார் பள்ளிகளுக்கு மானியம் இல்லை என்று தமிழ்நாட்டில் சட்டத் திருத்தம் செய்யப்பட்டது. அதன் பிறகு தோன்றிய பள்ளிகள் கட்டணத்தை நம்பியே தோன்றின. அந்தப் பள்ளிகளுக்குள் பொதுப் பணம் வேறொரு வாசல் வழியாக நுழைந்த கதையே இருபத்தைந்து சதவீத இடத்தின் கதை.

2002இல் அரசியல் சட்டத்தின் 86ஆவது திருத்தம், 6 முதல் 14 வயது வரையுள்ள குழந்தைகளுக்குக் கல்வியை அடிப்படை உரிமையாக்கியது. அதை நிறைவேற்ற 2009இல் இயற்றப்பட்ட கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரல் முதல் தேதி அமுலுக்கு வந்தது. அச்சட்டத்தின் 12ஆவது பிரிவு, மானியம் பெறாத தனியார் பள்ளியும் தன் நுழைவு வகுப்பில் நான்கில் ஒரு பங்குக்குக் குறையாத இடத்தை அக்கம்பக்கத்திலுள்ள நலிந்த பிரிவினரின் குழந்தைகளுக்கு ஒதுக்க வேண்டும் என்கிறது. பள்ளி நிர்வாகிகள் வழக்குத் தொடுத்தனர். 2012 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் சட்டம் செல்லும் என்று தீர்ப்பளித்தது. மானியம் பெறாத சிறுபான்மையினர் பள்ளிகளுக்கு மட்டும் விலக்கு அளித்தது. தமிழ்நாட்டில் ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட பள்ளிகள் இத்திட்டத்துள் அடங்கும்.

இது முழுமையான வவுச்சர் முறையன்று. பெற்றோர் கையில் சீட்டு இல்லை; எந்தப் பள்ளிக்கும் போகலாம் என்ற சுதந்தரமும் இல்லை. எனினும் பணம் குழந்தையைப் பின்தொடர்ந்து தனியார் பள்ளிக்குச் செல்லுகிறது என்னும் அளவில் இது அதற்கு நெருங்கிய உறவே.

பணம் எப்படிக் கணக்கிடப்படுகிறது என்பதை அங்கத்தினர்கள் அறிந்திருப்பது நல்லது. அரசாங்கம் தன் பள்ளியில் ஒரு குழந்தைக்குச் செய்யும் செலவு, அல்லது தனியார் பள்ளி உண்மையில் வசூலிக்கும் கட்டணம், இவ்விரண்டில் எது குறைவோ அதுவே பள்ளிக்குத் திருப்பித் தரப்படும். உதாரணத்துக்காக மட்டும் ஒரு கணக்குப் போடுவோம். அரசாங்கத்தின் தலைக்கட்டுச் செலவு 12,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஒரு பள்ளியின் கட்டணம் 10,000 என்றால் அதற்கு 10,000 கிடைக்கும். மற்றொன்றின் கட்டணம் 18,000 என்றால் அதற்கு 12,000 தான் கிடைக்கும். மீதி 6,000 ரூபாயைப் பள்ளியே தாங்க வேண்டுமேயன்றிப் பெற்றோரிடம் கேட்கக்கூடாது. சட்டம் இப்படி. நடைமுறையில் வண்டிக் கூலி, நோட்டுப் புத்தகம், சீருடை, விழாக் கட்டணம் என்று வேறு பெயர்களில் ரசீதுகள் வருவதைப் பல பெற்றோர் நம்மிடம் காட்டியிருக்கிறார்கள். பாடநூலுக்கும் சீருடைக்கும் ஆகும் செலவையும் அரசாங்கமே ஏற்க வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2023இல் கூறியது.

இடத்துக்கு மனுச் செய்வதற்கு ஆண்டு வருமானம் 2 லட்ச ரூபாய்க்குள் இருக்க வேண்டும். அல்லது தாழ்த்தப்பட்ட, பிற்பட்ட வகுப்பினர் போன்ற சட்டம் குறிப்பிடும் பிரிவைச் சேர்ந்தவராக இருக்க வேண்டும். பள்ளி வீட்டிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும். மனுக்கள் இடத்தைவிட மிகுந்தால் குலுக்கல் நடைபெறும். ஆதரவற்ற குழந்தைகளுக்கும் மாற்றுத் திறனாளிக் குழந்தைகளுக்கும் குலுக்கலின்றி முன்னுரிமை உண்டு.

இந்த ஒரு கிலோமீட்டர் என்னும் நிபந்தனையைச் சிறிது நின்று கவனிக்க வேண்டும். காரைக்குடியில் ஒரு தெருவிலிருந்து ஒரு கிலோமீட்டர் வட்டம் வரைந்தால் அதற்குள் இரண்டு மூன்று பள்ளிகள் அகப்படக்கூடும். கண்மாய்க் கரையிலுள்ள ஒரு குக்கிராமத்தைச் சுற்றி அதே வட்டத்தை வரைந்தால் அதற்குள் வயலும் கருவேல மரமும் ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியும்தான் இருக்கும். ஆகவே இவ்வுரிமை தாளில் எல்லோருக்கும் ஒன்றே. தரையில் நகரத்துக்கு அருகில் வாழ்வோருக்கே. தறி நெய்யும் குடும்பங்கள் நகரத்தின் ஓரத்தில் நெருங்கி வாழ்வதால் அவர்களிற் சிலர் பயன் பெற்றனர். பயிர்த் தொழில் செய்யும் அங்கத்தினர்கள் பெரும்பாலும் வெளியே நின்றனர்.

இனி 2025இல் நடந்ததைச் சொல்லுவோம். பள்ளிக் கல்விக்கென மத்திய அரசாங்கமும் மாநில அரசாங்கமும் 60க்கு 40 என்ற விகிதத்திற் பங்கிடும் சமக்ர சிக்ஷா திட்டத்தின் வழியாகவே கட்டண ஈட்டுத் தொகையின் ஒரு பகுதி வந்துகொண்டிருந்தது. 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையை ஏற்று ஒப்பந்தத்திற் கையெழுத்திடத் தமிழ்நாடு மறுத்தது. மும்மொழி ஏற்பாடு அதற்கு முக்கியக் காரணம். மத்திய அரசாங்கம் 2024-25ஆம் ஆண்டுக்குரிய சுமார் 2,152 கோடி ரூபாயை விடுவிக்கவில்லை. மாநில அரசாங்கம் 2025 மே மாதம் உச்ச நீதிமன்றத்தை நாடியது. இதற்கிடையில் ஏப்ரல், மே மாதங்களில் வழக்கமாகத் தொடங்கும் இலவசச் சேர்க்கை தொடங்கவே இல்லை. ஜூன் மாதம் சென்னை உயர் நீதிமன்றம் இரு பக்கத்தாருக்கும் ஒவ்வொன்று சொன்னது. கல்வி உரிமைச் சட்டத்துக்கான பணத்தைக் கல்விக் கொள்கையோடு முடிச்சுப் போட வேண்டியதில்லை என்பது ஒன்று. மத்தியிலிருந்து பணம் வரவில்லை என்று சொல்லி மாநிலம் தன் கடமையைத் தட்டிக்கழிக்க இயலாது என்பது மற்றொன்று. அக்டோபரில் மத்திய அரசாங்கம் இதற்கான தொகையை விடுவித்த பிறகே சேர்க்கை தொடங்கியது. பள்ளி திறந்து நான்கு மாதம் கழித்துப் புதுப் பிள்ளைகளைச் சேர்ப்பது எப்படி? ஆகவே ஏற்கெனவே கட்டணம் செலுத்திச் சேர்ந்திருந்த குழந்தைகளிலிருந்தே தகுதியுள்ளோரைத் தேர்ந்தார்கள். ஜூன் மாதம் கட்டணம் செலுத்த வழியின்றித் திரும்பிப் போன குடும்பத்துக்கு அவ்வாண்டு இத்திட்டத்தால் யாதொரு பயனும் விளையவில்லை. யாருக்காக இத்திட்டம் ஏற்பட்டதோ அவர்களே வாசலுக்கு வெளியே நின்றனர் என்பதை மறைக்க முடியாது.

திருப்பித் தரும் தொகை தாமதித்தால் என்ன ஆகும் என்பதை நெசவாளர் சங்கங்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. கைத்தறித் துணிக்குத் தள்ளுபடி என்று அறிவிக்கப்படுகிறது. சங்கம் குறைந்த விலைக்கு விற்றுவிட்டு, வித்தியாசத்தை அரசாங்கத்திடம் கேட்டுப் பட்டியல் அனுப்புகிறது. பணம் வரும் வரையில் சங்கத்தின் நடைமுறை மூலதனம் முடங்கிக் கிடக்கிறது. நூல் வாங்கப் பணமில்லை, தறிக்கு வேலையில்லை. சிறிய தனியார் பள்ளிகளின் நிலையும் இதுவே. பெரிய பள்ளி தாமதத்தைத் தாங்கிக்கொள்ளும். ஒரு கூரைக் கட்டடத்தில் நடுத்தரக் கட்டணம் வாங்கி நடக்கும் பள்ளி, ஆசிரியையின் சம்பளத்தில்தான் கை வைக்கும். அந்த ஆசிரியைகளிற் பலர் நம் அங்கத்தினர்களின் பெண்மக்கள்.

வவுச்சர் முறையை ஆதரிப்போர் சொல்வதில் நியாயம் இல்லாமல் இல்லை. பணமுள்ளவன் பள்ளியைத் தேர்ந்தெடுக்கிறான். பணமில்லாதவன் மட்டும் ஏன் கிடைத்ததை ஏற்க வேண்டும் என்று கேட்கிறார்கள். அரசாங்கப் பள்ளியில் ஒரு குழந்தைக்கு ஆகும் செலவைவிடக் குறைந்த செலவில் தனியார் கற்பிக்கும்போது, அதைப் பயன்படுத்திக்கொள்வதே சிக்கனம் என்கிறார்கள். இதைச் சோதித்துப் பார்த்த ஓர் ஆராய்ச்சி நம் அண்டை மாநிலத்திலேயே நடந்தது. அக்காலத்து ஆந்திரப் பிரதேசத்தில் 180 கிராமங்களில் 2008 முதல் நான்கு ஆண்டுகள், குலுக்கல் முறையில் சில குழந்தைகளுக்குக் கட்டணச் சீட்டுக் கொடுத்துத் தனியார் பள்ளிகளில் படிக்க வைத்தனர். கார்த்திக் முரளிதரன், வெங்கடேஷ் சுந்தரராமன் ஆகிய இரு பொருளாதார அறிஞர்கள் 2015இல் இதன் முடிவை வெளியிட்டார்கள். தெலுங்கிலும் கணக்கிலும் சீட்டுப் பெற்ற குழந்தைகளுக்கும் பெறாதவர்களுக்கும் வேறுபாடு காணப்படவில்லை. அரசாங்கப் பள்ளியிற் பெரும்பாலும் கற்பிக்கப்படாத இந்தியில் மட்டும் சீட்டுப் பெற்றவர்கள் மேலாக இருந்தனர். அதே சமயம், தனியார் பள்ளிகளின் தலைக்கட்டுச் செலவு அரசாங்கப் பள்ளிகளின் செலவில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு.

இம்முடிவை இரு கட்சியினரும் தத்தம் பக்கம் இழுக்கிறார்கள். குறைந்த செலவில் அதே பலன் என்பது ஒரு சாரார். அதே பலன்தானே, பின் ஏன் பிள்ளையை ஊர் விட்டு அனுப்ப வேண்டும் என்பது மற்றொரு சாரார். செலவு குறைந்ததற்குக் காரணம் என்ன என்று மூன்றாவதாக ஒரு கேள்வியை நாம் கேட்க விரும்புகிறோம். தனியார் பள்ளி ஆசிரியருக்குக் கொடுத்த சம்பளம் மிகக் குறைவு என்பதே முக்கியக் காரணம். தறிக் கூலியைக் குறைத்துச் சேலை விலையைக் குறைத்த தனி வியாபாரியை எதிர்த்துத்தான் நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்கள் தோன்றின. அதே கணக்கு பள்ளியில் வரும்போது மட்டும் அதைத் திறமை என்று பாராட்ட நமக்கு மனம் வரவில்லை.

வேறு மாநிலங்களைப் பார்ப்போம். அருகில் அரசாங்கப் பள்ளியோ உதவி பெறும் பள்ளியோ இருந்தால் தனியார் பள்ளிக்கு இவ்வாறு குழந்தைகளை அனுப்புவதில்லை என்று கர்நாடகம் 2019ஆம் கல்வியாண்டு முதல் விதியை மாற்றியது; அம்மாநில உயர் நீதிமன்றம் அதை ஏற்றது. அதே போன்ற மாற்றத்தை 2024இல் மகாராஷ்டிரம் செய்தபோது பம்பாய் உயர் நீதிமன்றம் அதை ரத்துச் செய்தது. சட்டம் அறிந்தவர்களுக்கே ஒருமித்த அபிப்பிராயம் இல்லை. சிலி நாட்டில், பொதுப் பணம் பெறும் பள்ளிகள் லாபம் எடுப்பதையும், பிள்ளைகளைப் பொறுக்கிச் சேர்ப்பதையும், மேற்கொண்டு கட்டணம் வாங்குவதையும் படிப்படியாக நிறுத்த 2015இல் சட்டம் செய்ய நேர்ந்தது. முப்பத்து நான்கு ஆண்டு அனுபவத்துக்குப் பின் அவர்கள் வந்து சேர்ந்த இடம் ஏறக்குறைய நம் பழைய உதவி பெறும் பள்ளிதான்.

நெசவாளர் சங்கங்களுக்கு நேரடிச் சம்பந்தம் உண்டு என்று மேலே சொன்னோம். அரசாங்கப் பள்ளிகளிலும் உதவி பெறும் பள்ளிகளிலும் சத்துணவு உண்ணும் 1 முதல் 8 வகுப்பு வரையுள்ள பிள்ளைகளுக்கு ஆண்டுக்கு நான்கு இணைச் சீருடை வழங்கப்படுகிறது. அத்துணியை நெய்து கொடுப்பவை கைத்தறி, விசைத்தறி நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்களே. ஒரு பிள்ளை அங்கிருந்து தனியார் பள்ளிக்குச் சென்றால் நான்கு இணைச் சீருடைக்கான துணி நம் தறியிலிருந்து இறங்கிவிடுகிறது. அதன் இடத்தில் ஆலைத் துணி வருகிறது. இதற்காகவே பிள்ளையை அரசாங்கப் பள்ளியில் வைத்திருங்கள் என்று சொல்வது தகாது, தறிக்காகப் பிள்ளையன்று. ஆனால் பொதுப் பணம் ஒரு பள்ளியை விட்டு மற்றொன்றுக்குப் போகும்போது, பிள்ளையோடு துணியும், 1956இல் காமராசர் காலத்தில் விரிவாகத் தொடங்கிய மதிய உணவும், 2022இல் தொடங்கிய காலைச் சிற்றுண்டியும் கூடவே கழிகின்றன என்பதை வரவு செலவுக் கணக்கில் சேர்த்தே பார்க்க வேண்டும். கட்டணம் மிச்சம் என்று மகிழும் தாய், அந்த இரண்டு வேளை உணவுக்கு வீட்டில் ஆகும் செலவைக் கணக்கிட்டுப் பார்த்தால் நன்று.

கூட்டுறவாளர் கண்ணுக்கு மட்டும் படக்கூடிய வேறொரு வித்தியாசமும் உண்டு. கல்வி உரிமைச் சட்டத்தின் 21ஆவது பிரிவின்படி பள்ளி மேலாண்மைக் குழு அமைக்கப்பட வேண்டும். அதில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோர், பாதிப்பேர் பெண்கள். மானியம் பெறாத தனியார் பள்ளிக்கு அப்பிரிவு பொருந்தாது. அரசாங்கப் பள்ளியில் பெற்றோர் ஏறத்தாழ ஓர் அங்கத்தினர். தனியார் பள்ளியில் அவர் வாடிக்கைக்காரர். வாடிக்கைக்காரருக்குப் பிடிக்கவில்லையென்றால் கடையை மாற்றலாம், அவ்வளவுதான். மாற்றுவதற்கு வேறு கடை ஒரு கிலோமீட்டருக்குள் இருந்தால். அங்கத்தினருக்கோ கணக்கைக் கேட்கும் உரிமை உண்டு. மகாசபையில் ஐந்தொகையைப் படித்துக் கேள்வி கேட்கும் நம் அங்கத்தினர்கள், பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்கு மட்டும் போகாமல் இருந்துவிடுவது நமக்கு விளங்காத விஷயம். கூட்டம் இருப்பதே தெரியாது என்று சிலர் சொல்கிறார்கள். சங்க அறிவிப்புப் பலகையில் அதையும் எழுதி வைக்கச் செயலாளர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.

நம் அபிப்பிராயத்தைக் கேட்டால் ஒளிக்காமற் சொல்லிவிடுவோம். சட்டம் இருக்கும் வரையில் அந்த இடங்கள் முழுமையாக, காலத்தில், ஜூன் மாதத்துக்கு முன்பே நிரப்பப்பட வேண்டும். கட்டண ஈடு பாக்கியின்றி வழங்கப்பட வேண்டும். இரண்டு அரசாங்கங்களின் வழக்குக்குக் குழந்தை ஜாமீனாக நிற்கக் கூடாது. ஆனால் புதிதாக ஒரு ரூபாய் ஒதுக்கப்படுமானால் அது கண்மாய்க் கரைப் பள்ளிக்கு இரண்டாவது ஆசிரியர், ஆங்கிலம் சொல்லித் தரக் கூடியவர், மழைக்கு ஒழுகாத வகுப்பறை என்ற வகையில் முதலிற் செல்ல வேண்டும். பெற்றோர் தனியார் பள்ளியை நாடுவதற்குப் பெரும்பாலும் ஆங்கிலமும் மழலையர் வகுப்புமே காரணம் என்பதை நாம் நேரிற் காண்கிறோம். அவ்விரண்டும் ஊர்ப் பள்ளியிலேயே கிடைத்தால் வண்டிக் கூலி கொடுத்து வெளியே அனுப்ப எத்தனை பேர் விரும்புவார்கள்?

இறுதியாக, ஏற்கெனவே இவ்விடங்களில் பிள்ளைகளைச் சேர்த்திருக்கும் அங்கத்தினர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. இலவசம் 8ஆம் வகுப்போடு முடிவடைகிறது. 9ஆம் வகுப்பில் முழுக் கட்டணமும் பெற்றோர் தலையில் விழும். அப்போது கடன் வாங்கியாவது அதே பள்ளியில் வைத்திருப்பதா, அரசாங்கப் பள்ளிக்கு மாற்றுவதா என்று முடிவு செய்யுமுன் ஒரு விவரத்தை அறிந்துகொள்வது அவசியம். மருத்துவப் படிப்பில் அரசாங்கப் பள்ளி மாணவருக்கு 2020இல் சட்டம் செய்து தமிழ்நாடு அளித்த 7.5 சதவீத ஒதுக்கீடு, 6 முதல் 12 வரை அரசாங்கப் பள்ளியிற் படித்தவர்களுக்கு மட்டுமன்றி, 8ஆம் வகுப்பு வரை இந்த இலவச இடத்தில் படித்து 9 முதல் 12 வரை அரசாங்கப் பள்ளியில் படித்தவர்களுக்கும் உரியது. மேற்படிப்புப் படிக்கும் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் வகையில் 2022இல் தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்துக்கும் இதே வழி வகுக்கப்பட்டது. இவ்விரண்டுக்கும், இலவச இடத்தில் படித்தார் என்பதற்குப் பள்ளி தரும் சான்று தேவைப்படும். மாற்றுச் சான்றிதழ் வாங்கும் அன்றே அதையும் தலைமையாசிரியரிடம் எழுத்தில் பெற்று, ரேஷன் அட்டை, வருமானச் சான்று ஆகியவற்றோடு வீட்டிற் பத்திரமாக வைத்துக்கொள்க.